வண்ணங்களில் வாழும் அம்ரிதா ஷெர்-கில்

(தாவரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவி)

ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று அறிவிப்புப் பலகையில் கண்டதும், பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி எழுதுவதென்றுதான் முடிவு செய்தேன். அறிவியல் மாணவி அறிவியலை எழுதுவதுதானே முறை! ஆனால் எழுத உட்கார்ந்தபோது பேனா வேறு பக்கம் போய்விட்டது. அதற்குக் காரணம் ஒரு செம்பருத்திப் பூ.

சென்ற பருவத்தில் செம்பருத்தியின் நெடுக்கு வெட்டுத் தோற்றத்தை ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டியிருந்தது. பென்சிலால் மட்டும் வரைய வேண்டும், நிழல் தீட்டக் கூடாது என்பது ரெக்கார்டு நோட்டின் சட்டம். நண்பர்கள் எல்லாரும் அறிவீர்கள். நானோ ஆசை மிகுதியால் இதழ்களுக்குச் சிவப்பு நீர்வண்ணம் தீட்டிக் கொண்டுபோய் நீட்டிவிட்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். எங்கள் விரிவுரையாளர் அம்மா கையெழுத்துப் போடாமல் சற்று நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். மறுபடியும் பென்சிலில் வரைந்து வரும்படி சொல்லிவிட்டு, அம்ரிதா ஷெர-்கில் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். போய்ப் பார் என்றார். அவ்வளவுதான் எங்கள் உரையாடல்.

எங்கள் வீட்டில் ஓவியம் என்றால் சுவரில் தொங்கும் காலண்டர் இலட்சுமிதான். தாமரை மேல் நிற்கும் அந்த இலட்சுமியை வரைந்தவர் கேரளத்து ராஜா ரவிவர்மா (1848–1906) என்பதும், அவர் 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதால்தான் கனகம்மாசத்திரத்துக் கூரை வீடு வரைக்கும் அந்தத் தேவி வந்து சேர்ந்தாள் என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரியும். என் தந்தை கரும்பு வெட்டும் தொழிலாளி. தாய் களையெடுக்கவும் நிலக்கடலை ஆயவும் போகிறவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். ஆகவே நூலகத்தில் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் அகராதியையும் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு மாதம் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நுண்கலை படித்தவர்கள் பிழை கண்டால் பொறுத்தருள்க.

அம்ரிதா பிறந்தது 1913-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில். தந்தை உம்ராவ் சிங் ஷெர்-கில், பஞ்சாபின் மஜீத்தியாப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த சீக்கியர். வடமொழியும் பாரசீகமும் கற்ற அறிஞர்; புகைப்படக் கலையில் தணியாத மோகம் கொண்டவர். தாய் மேரி அன்டோனியட், ஹங்கேரியப் பாடகி. மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தி இளவரசி பம்பாவுடன் தோழியாக லாகூருக்கு வந்தவர், அங்கே உம்ராவ் சிங்கைக் கண்டு 1912-இல் மணந்துகொண்டார். முதல் உலகப் போர் மூண்டதால் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்க நேர்ந்தது. 1914-இல் தங்கை இந்திரா பிறந்தாள். 1921-இல்தான் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறினார்கள். அப்போது அம்ரிதாவுக்கு வயது எட்டு.

பியானோ, வயலின், ஓவியம் என்று வீடு நிறையக் கலை. சிறு பெண் அம்ரிதா பென்சிலும் நீர்வண்ணமும் கொண்டு ஓயாமல் வரைந்தார். 1924-இல் தாய் அவரை இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்கு அழைத்துச் சென்று ஒரு சமயப் பள்ளியில் சேர்த்தார். கட்டுப்பாடு பிடிக்கவில்லை, சில மாதங்களில் சிம்லா திரும்பிவிட்டார்கள். இங்கும் கன்னிமாடப் பள்ளியில் கட்டாய வழிபாட்டை எதிர்த்து, தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று அறிவித்து வெளியேற்றப்பட்டார் என்கிறார்கள். நாம் வருகைப் பதிவு குறைந்தாலே நடுங்குகிறோம்!

இந்தச் சிறு வயதுச் செய்திகளில் என்னை நிறுத்தி வைத்தது ஒன்று உண்டு. 1925-இல், பன்னிரண்டு வயதில், தாம் கண்ட ஒரு திருமணத்தைப் பற்றி அம்ரிதா தம் நாட்குறிப்பில் எழுதினார். மணப்பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. மாப்பிள்ளைக்கு ஐம்பது, ஏற்கெனவே மனைவியர் உள்ளவர். பட்டும் நகையும் பூட்டி நடுவில் உட்கார வைக்கப்பட்ட அந்தப் பெண்ணின் களைத்த முகத்தில் தெரிந்த துயரத்தை, அவளைவிட ஒரு வயது சின்னவளான இந்தப் பெண் கண்டுகொண்டாள். கூட்டத்தில் எத்தனையோ பேர் நகையைப் பார்த்திருப்பார்கள். இவர் முகத்தைப் பார்த்தார். பதினொரு ஆண்டு கழித்து, 1936-இல், குழந்தை மணப்பெண்ணை ஓவியமாகவே தீட்டினார்.

அந்தப் படத்தை நான் எங்கள் அவ்வாவிடம் காட்டினேன். எங்கள் பக்கத்தில் தெலுங்கும் தமிழும் ஒரே அடுப்பில் வேகும். தாய்வழிப் பாட்டியை அவ்வா என்றுதான் அழைப்போம். அவ்வாவுக்கு மணம் நடந்தபோது வயது பதின்மூன்று என்று அவரே சொல்வார். பூப்பெய்தி மூன்றாம் மாதம். கைப்பேசியைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். வடக்கே, நூறு வருஷத்துக்கு முந்தியது என்றேன். இந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டார்களா என்று அடுத்துக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. கல்யாணத்தன்று விடியற்காலையிலிருந்து தாலி ஏறும் வரை தமக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்றும், பசியில் கண் இருண்டதைத் தவிர அந்த நாளைப் பற்றித் தமக்கு வேறு எதுவும் நினைவில்லை என்றும் அப்போதுதான் சொன்னார். இருபது ஆண்டுகளாக அவர் மடியில் வளர்ந்தவள் நான். இதை அவர் இதுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அம்ரிதாவின் வாழ்க்கைக்குத் திரும்புகிறேன். அவருக்கு நல்ல ஆசானாக வாய்த்தவர் தாய்மாமன் எர்வின் பக்தாய், இந்தியவியல் அறிஞர். 1926-வாக்கில் சிம்லா வந்த அவர், கதைப்புத்தகப் பெண்களைக் கற்பனையில் வரைவதை விட்டுவிட்டு, கண்முன் இருக்கும் மனிதர்களை உட்கார வைத்துப் பார்த்து வரையும்படி மருமகளுக்கு அறிவுறுத்தினார். அன்று முதல் வீட்டுப் பணியாளர்களும் அக்கம்பக்கத்தாரும் அம்ரிதாவின் முன் அமர்ந்தார்கள். மாதிரியை மேசைமேல் வைத்து, கண்ணால் கண்டதை மட்டும் வரை என்று நம் ஆய்வுக்கூடத்தில் சொல்கிறார்களே, அதே பாடந்தான். பாடப்புத்தகத்தில் உள்ள பூவை வரைகிறவனுக்கு மதிப்பெண் கிடைக்கலாம். தட்டில் உள்ள பூவின் ஓர் இதழில் பூச்சி கடித்த ஓட்டை இருப்பது அவன் கண்ணில் படாது.

1929-இல் குடும்பமே பாரிஸ் சென்றது. பதினாறு வயது அம்ரிதா முதலில் கிராந்த் ஷோமியேர் என்ற பயிலகத்திலும், 1930 முதல் புகழ்பெற்ற எக்கோல் தெ போஸார் கலைக்கல்லூரியில் லூசியன் சிமோன் என்ற ஆசிரியரிடமும் பயின்றார். தன்னுருவப் படங்கள், தோழியரின் உருவங்கள், ஆடையற்ற மாதிரிகள், அசையாப் பொருள் ஓவியங்கள் என்று தைல வண்ணத்தில் வெறிகொண்டவர் போல் உழைத்தார். அசையாப் பொருள் ஓவியம் என்பது மேசைமேல் பழம், பாட்டில், துணி முதலியவற்றை வைத்து, உள்ளது உள்ளபடி வரையும் பயிற்சி. எளிதுபோல் தோன்றும். ஒரு தக்காளியை வைத்துப் பாருங்கள், தெரியும்.

1932-இல் ‘இளம்பெண்கள்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். அறையில் இரண்டு பெண்கள். ஒருத்தி நாகரிக உடையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறாள். அவளுக்கு மாதிரியாக இருந்தவள் தங்கை இந்திரா. மற்றவள் பாதி உடை நெகிழ, கூந்தல் முகத்தை மறைக்க அமர்ந்திருக்கிறாள். ஐரோப்பாவும் ஆசியாவுமாகத் தமக்குள் இருந்த இரண்டு பெண்களைத்தான் அவர் எதிரெதிரே உட்கார வைத்தார் என்று கலை அறிஞர்கள் விளக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூச்சமில்லாமல் பேசத் தெரிந்த தோழிக்கு முன்னால், பேசத் தெரியாத தோழி தலைமயிரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நம் மகளிர் ஓய்வறையில் தினமும் காணலாம். எப்படியாயினும், இந்தப் படத்துக்கு 1933-இல் பாரிஸ் கிராண்ட் சலோன் தங்கப் பதக்கம் அளித்து, அம்ரிதாவைத் தன் இணை உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமை பெற்றவர்களுள் மிக இளையவர் அவரே. ஆசியாவைச் சேர்ந்த ஒரே ஒருவரும் அவரே. வரைந்தபோது வயது பத்தொன்பது. என்னைவிட ஒன்று குறைவு.

பாரிஸில் பெயர் கிடைத்த பின் வேறு யாராயினும் அங்கேயே தங்கியிருப்பார்கள். அம்ரிதாவுக்கு இந்தியாவின் நினைவு வந்தது. தம் கலைக்கு இடம் அங்கேதான் என்று உறுதியாக நம்பினார். ஆனால் அவர் இந்தியா திரும்புவதை எதிர்த்தவர் யார் தெரியுமா? பெற்ற தந்தையேதான். மகளின் கட்டற்ற போக்கு குடும்பத்துக்குக் கெட்ட பெயர் தேடித்தரும் என்று அஞ்சினார். மகள் பதில் எழுதி வாதாடினார். 1934-இன் இறுதியில் வந்தே சேர்ந்தார். அவ்வளவு கற்ற குடும்பத்திலும் ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வி இருந்திருக்கிறது!

அக்காலத்தில் இந்திய ஓவியம் என்றாலே வங்கப் பாணிதான். அவனீந்திரநாத் தாகூர் வழியில் மெல்லிய நீர்வண்ணப் பூச்சில் புராணக் காட்சிகள் மிதந்தன. அந்தத் தாகூர் வீட்டிலேயே அவனீந்திரரின் சகோதரி சுனயனி தேவி (1875–1962) என்பவர் இருந்தார். பன்னிரண்டு வயதில் மணமானவர். யாரிடமும் பயிலாமல், குடும்ப வேலைகளுக்கு நடுவே நீர்வண்ணத்தில் பெண்களின் முகங்களை வரைந்தவர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். அம்ரிதாவுக்கு வங்கப் பாணி பிடிக்கவில்லை. உயிரில்லாத பழமை என்று அதை ஒதுக்கினார். ரவிவர்மாவையும் ஏற்கவில்லை. நீர்வண்ணப் பெட்டி ஒன்றை மட்டுமே சொத்தாகக் கொண்ட எனக்கு இதில் சிறிது வருத்தந்தான். தைல வண்ணத்தின் அழுத்தம் அவருக்குத் தேவைப்பட்டது. அவர் வரைய வந்த பெண்கள் மிதக்கிறவர்கள் அல்லர், தரையில் உட்கார்ந்திருப்பவர்கள்.

1935-இல் ‘மூன்று பெண்கள்’ பிறந்தது. சிவப்பும் பச்சையுமாக ஆடை அணிந்த மூன்று இளம்பெண்கள் நெருங்கி அமர்ந்திருக்கிறார்கள். ஒருவரும் நம்மைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவரும் பார்க்கவில்லை. தங்களைப் பற்றி எங்கோ யாரோ எடுக்கும் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் போல் இருக்கிறார்கள். அந்த ஆண்டில்தான் ‘மலைவாழ் ஆண்கள்’, ‘மலைவாழ் பெண்கள்’ ஆகிய படங்களும் தோன்றின. மலைவாழ் பெண்கள் ஓவியத்தை நம் அஞ்சல் துறை 1978-இல் அஞ்சல் தலையாக வெளியிட்டது. சிம்லா நுண்கலைச் சங்கத்துக்கு அவர் அனுப்பிய படங்களில் சிலவற்றை ஏற்று, ஒன்றுக்குப் பரிசும் தந்து, மற்றவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். அம்ரிதா பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அழகான மலைக்காட்சிகளையே வாங்கிப் பழகிய சிம்லா சீமான்களுக்கு, எலும்பு தெரியும் கரிய உடல்களும் களைத்த கண்களும் எப்படிப் பிடிக்கும்? அவர்கள் அவலட்சணம் என்று கண்டதில் இவர் அழகைக் கண்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவாலங்காடு இருக்கிறது. தம் அழகு வேண்டாம், பேயுருவே போதும் என்று கேட்டுப் பெற்ற காரைக்கால் அம்மையார் தங்கிய தலம். அம்மையாரின் வற்றிய மார்பையும் புடைத்த நரம்பையும் வடித்த சிற்பிகளை அம்ரிதா பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1936-இன் இறுதியில் அவர் வாழ்வின் பெரிய பயணம் தொடங்கியது. பம்பாயில் கண்காட்சி நடத்தி, கார்ல் கண்டாலவாலா என்ற கலை விமரிசகரின் நட்பைப் பெற்றார். பின்னர் அஜந்தா, எல்லோரா சென்றார். அஜந்தாச் சுவர்களின் முன் நின்றபோது, பாரிஸில் கற்றதைவிடப் பெரிய கல்வி அங்கே கிடைத்ததாக உணர்ந்தார். பிறகு ஓவியர் பரதா உகிலுடன் ஐதராபாத், திருவனந்தபுரம், குமரிமுனை, கொச்சி, மதுரை எனத் தெற்கே சுற்றினார். ஐதராபாத்தில் நவாப் சாலார் ஜங் தாம் வாங்கிக் குவித்திருந்த ஐரோப்பியப் படங்களைக் காட்டி அபிப்பிராயம் கேட்டாராம். அம்ரிதா மனத்தில் பட்டதை மறைக்காமல், அவை தரமற்றவை என்று சொல்லிவிட்டார். நவாப் இவருடைய படங்களில் ஒன்றைக்கூட வாங்கவில்லை. வாய்மைக்குக் கிடைத்த விலை! கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள் அவரை மெய்ம்மறக்கச் செய்தன. அங்கிருந்து படியெடுத்து வரைந்தார்.

இந்தத் தென்னாட்டுப் பயணத்தின் விளைவாக 1937-இல் மூன்று பேரோவியங்கள் உருவாயின. ‘மணமகள் ஒப்பனை’, ‘பிரம்மசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’. கூடவே ‘பழம் விற்பவர்கள்’ என்ற படமும் உண்டு. வெள்ளை வேட்டி, கரிய மேனி, செம்மண் நிறம். இவை நம்முடைய நிறங்கள். கூடை சுமந்து திருவள்ளூர்ச் சாலையில் பேருந்துக்கு நிற்கும் பெண்களை நான் பிறந்தது முதல் பார்த்து வந்திருக்கிறேன். ஆனால் ஒரு நாட்டின் கலைக்கூடத்தில் வைக்கத்தக்கது அது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

‘மணமகள் ஒப்பனை’யைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நடுவே மணப்பெண், மருதாணிக் கைகளை விரித்து அமர்ந்திருக்கிறாள். பின்னால் ஒருத்தி தலை வாருகிறாள். சுற்றிலும் பெண்கள், பிள்ளைகள். கூட்டம் இருக்கிறது, கலகலப்பு இல்லை. மணப்பெண்ணின் கண் எங்கோ நிலைத்திருக்கிறது. என் அக்காவின் நலங்கன்று நான் பக்கத்தில் நின்று சந்தனக் கிண்ணம் பிடித்தேன். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். நல்ல இடம் வந்தது, அம்மாவுக்கும் அந்த வருடம் உடல்நிலை சரியில்லை. விண்ணப்பம் பீரோவுக்குள் போய்விட்டது. யாரும் அடிக்கவில்லை, யாரும் வற்புறுத்தவுமில்லை. அத்தான் நல்லவர். அக்கா குறை சொன்னதே கிடையாது. ஆயினும் நலங்கு மஞ்சள் பூசும்போது அவள் முகத்தில் இருந்தது என்ன என்று மூன்று வருடமாக எனக்குப் பெயர் தெரியாமல் இருந்தது. இந்தப் படத்தில் அந்த முகம் இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொண்டுவிடவில்லை. அம்ரிதா செல்வக் குடும்பத்துப் பெண். பட்டுச் சேலையும் வெள்ளி நகையும் அணிந்து, பணம் போதாமல் தவித்தாலும் பட்டினி அறியாமல் வாழ்ந்தவர். அவர் வரைந்த ஏழைப் பெண்கள் எல்லாரும் பேசாதவர்கள். தலை கவிழ்ந்து, சோகமே உருவாக இருக்கிறார்கள். என் தாய் கழனியில் இருக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டும்! நாலு வரப்புக்கு அப்பால் கேட்கும் அவர் சிரிப்பு. மேஸ்திரி கூலியைக் குறைத்தால் முதலில் எழும் குரல் அவருடையதுதான். துயரம் உண்டு, மறுக்கவில்லை. துயரம் மட்டுமே உண்டு என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. இதை எங்கள் விரிவுரையாளர் அம்மாவிடம் சொன்னேன். அம்ரிதாவின் பிற்காலப் படங்களையும் பார்த்துவிட்டுப் பேசு என்றார்.

பார்த்தேன். 1938-இல் அம்ரிதா ஹங்கேரி சென்று, எல்லாருடைய எதிர்ப்பையும் மீறி, தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் எகானை மணந்தார். அவர் அங்கே இருந்த சமயம் சிம்லா வீட்டில் அவருக்கு வந்திருந்த கடிதக் கட்டுகளைப் பெற்றோர் எரித்துவிட்டார்கள். ஜவாகர்லால் நேரு எழுதிய கடிதங்களும் அவற்றுள் அடக்கம். இருபத்தைந்து வயது, பாரிஸ் பதக்கம், நாடெங்கும் கண்காட்சி. அப்படிப்பட்ட பெண்ணுக்கும் தம் கடிதங்கள் தமக்குச் சொந்தமில்லை! அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி வம்புகள் பல உலவுகின்றன. புத்தகம் எழுதியவர்கள் அதற்கே அதிகப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எரிந்த கடிதங்களைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருக்கலாம்.

1939-இல் தம்பதியர் இந்தியா திரும்பி, கோரக்பூர் மாவட்டத்தில் சராயா என்ற ஊரில் உறவினரின் சர்க்கரை ஆலைப் பண்ணையில் தங்கினார்கள். கணவருக்கு அங்கே மருத்துவப் பணி. சர்க்கரை ஆலை, கரும்பு வண்டி, புழுதி, வெயில். எங்கள் திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைப் பக்கத்தை அப்படியே நினைத்துக்கொண்டேன். அம்ரிதாவுக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை, மனச்சோர்வு பிடித்தது. ஆனால் அங்கே அவர் தூரிகை மாறியது. முகலாய, பகாரி சிற்றோவியங்களின் நுட்பம் உள்ளே வந்தது. படங்கள் சிறுத்தன, வண்ணங்கள் கொதித்தன. ‘மஞ்சள் அரைப்பவர்கள்’, ‘ஊஞ்சல்’, ‘பழங்கதை சொல்பவர்’, ‘கட்டிலில் இளைப்பாறும் பெண்’ எல்லாம் 1940-ஆம் ஆண்டில் தீட்டப்பட்டவை. கட்டிலில் இளைப்பாறும் பெண், பகல் வெயிலில் சிவப்பு உடையோடு சாய்ந்து கிடக்கிறாள். பக்கத்தில் ஒருத்தி விசிறியோடு. படுத்துக் கிடப்பதைத் தவிர அவளுக்குச் செய்ய ஒன்றும் அனுமதிக்கப்படவில்லை என்பது ஒரே பார்வையில் புரிகிறது. மஞ்சள் அரைப்பவர்களோ வேலையில் மூழ்கியவர்கள். அவர்கள் முகத்தில் சோகம் தேடினால் கிடைக்காது. கையைத்தான் பார்க்க வேண்டும். என் தாயின் படம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதையே சொல்வேன்.

அதைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை என் கேமல் வண்ணப்பெட்டியை எடுத்தேன். ஆட்களை வரையும் தைரியம் எனக்கு இல்லை. அம்மா கழனிக்கு எடுத்துப்போகும் தூக்குச்சட்டி, களைக்கொத்து, தலையில் கட்டும் பழைய துண்டு மூன்றையும் திண்ணையில் வைத்து நீர்வண்ணத்தில் வரைந்தேன். களைக்கொத்தின் மரப்பிடியில் அம்மாவின் கை பட்டுப் பட்டு ஓர் இடம் மட்டும் பளபளவென்று குழிந்திருக்கிறது. அந்தப் பளபளப்பைக் கொண்டுவர வெள்ளைத் தாளை அப்படியே விட வேண்டும். வண்ணம் தீட்டிவிட்டால் போயிற்று. மூன்று தாள் பாழாயிற்று. நான்காவதில் ஓரளவு வந்தது. அம்மா பார்த்தார். ஊரில் எத்தனையோ நல்ல பொருள் இருக்க இந்தச் சொத்தைக் கொத்தையா வரைய வேண்டும் என்று கேட்டார். ஆனால் அந்தத் தாளை மடிக்க விடவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்திருக்கிறார்.

1941 செப்டம்பரில் அம்ரிதாவும் கணவரும் லாகூர் சென்று குடியேறினார்கள். அங்கே அறிஞர் கூட்டம், பேச்சு, நம்பிக்கை எல்லாம் மீண்டன. டிசம்பரில் பெரிய கண்காட்சி ஒன்று நடத்த ஏற்பாடாயிற்று. அதற்குச் சில நாள் முன்பு நோயுற்றார். 1941 டிசம்பர் 5-ஆம் நாள் இரவு உயிர் பிரிந்தது. வயது இருபத்தெட்டு. ராவி நதிக்கரையில் எரியூட்டினார்கள். அதே நாள்களில் பிரிட்டன் ஹங்கேரிமீது போர் தொடுத்ததால், கணவர் எகான் எதிரி நாட்டவர் எனக் காவலில் வைக்கப்பட்டார். மகளின் மரணத்திலிருந்து மீளாத தாய் 1948-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிந்த எருமைகளையும் வீடுகளையும் அம்ரிதா வரையத் தொடங்கிய படம் முடியாமல் நின்றுவிட்டது.

உயிரோடு இருந்தபோது அவர் படங்களை வாங்கியவர் சிலரே. 1954-இல் தில்லியில் ஜெய்ப்பூர் மாளிகையில் தேசிய நவீனக் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது அதன் உயிர்நாடியாக அமைந்தவை அம்ரிதாவின் ஓவியங்கள். 1976-இல் அவர் படைப்புகளை இந்திய அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. அவற்றை நாட்டை விட்டு வெளியே விற்க முடியாது. 1937-இல் அவர் தீட்டிய ‘கதை சொல்பவர்’ 2023-இல் ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போய், அதுவரை எந்த இந்திய ஓவியமும் பெறாத விலையைப் பெற்றது. இந்தத் தொகையை எங்கள் வீட்டில் சொன்னபோது அப்பா நம்பவில்லை. ஒரு டன் கரும்புக்கு என்ன விலை என்று அவர் மனத்துக்குள் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

‘மூன்று பெண்கள்’, ‘மணமகள் ஒப்பனை’ இரண்டும் அந்தத் தில்லிக் கலைக்கூடத்தில்தான் இருக்கின்றன. கைப்பேசித் திரையில் உள்ளங்கை அளவு பார்த்த படங்களின் உண்மையான உயரம் என்ன, தூரிகைத் தடம் எவ்வளவு தடிப்பு என்பதை நேரில் நின்றால்தான் அறிய முடியும். அடுத்த ஆண்டு எங்கள் துறையின் கல்விச் சுற்றுலா தில்லி, டேராடூன் பக்கம் என்று பேச்சிருக்கிறது. டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம். தில்லியில் ஒரு பகல் ஒழியும். அந்தப் பகலில் ஜெய்ப்பூர் மாளிகையையும் சேர்க்க வேண்டும் என்று எங்கள் துறைத் தலைவரிடம் விண்ணப்பித்திருக்கிறேன், யோசிக்கலாம் என்றிருக்கிறார். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கப் பெற்றோர் ஒப்புதல் கடிதம் வேண்டும். இதற்கிடையில் சோளிங்கரில் இருக்கும் அத்தை ஒரு வரனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் ஆண்டு முடியட்டும் என்று அம்மா சொல்கிறார். அவ்வா அம்மாவின் கட்சி. ஒப்புதல் படிவத்தை அப்பாவின் சட்டைப் பையில் வைத்து ஒன்பது நாளாகிறது. நேற்றுத் துவைக்கப் போட்டபோது அம்மா அதை எடுத்து, நனையாமல் காலண்டர் இலட்சுமிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.